சம்பா அறுத்தாயிற்று, கடன் நிற்கிறது: டிராக்டரை விற்பதா, குத்தகையை விடுவதா, பருத்திக்கு மாறுவதா?

மன்னை உழவன்

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம், பாமணியாற்றுப் பாசனம். சொந்த நிலம் 12 மா, அதாவது 4 ஏக்கர். குத்தகைக்கு இன்னொரு 15 மா செய்கிறேன். சொந்த நிலத்துக்குப் பங்கில் போட்ட போர் (ஆழ்துளைக் கிணறு) இருப்பதால் அங்கே குறுவை, சம்பா இரண்டு நெல் போகமும். குத்தகை நிலத்தில் ஆற்றுத் தண்ணீரை நம்பிச் சம்பா மட்டும்தான்.

டெல்டாவில் கடந்த மூன்று வருடம் எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும். 2023-ல் ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்தார்கள், அக்டோபரில் மூடிவிட்டார்கள். 2024-ல் ஜூலை கடைசியில்தான் திறப்பு, அதனால் குறுவையைப் பாதிக்கு மேல் விட்டோம். 2025-ல் தண்ணீர் நேரத்துக்கு வந்தது, ஆனால் அறுத்த குறுவை அக்டோபர் மழையில் நனைந்தது. ஒவ்வொரு தடவையும் துண்டு விழுந்ததைக் கடன் வாங்கித்தான் அடைத்தேன்.

இன்றைய நிலை: கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் 1,40,000. வங்கியில் நகைக்கடன் 3,00,000, வட்டி 9 சதம். டிராக்டர் கடனில் பாக்கி 4,20,000, ஆறு மாதத்துக்கு ஒரு தவணை 62,000. ஊரில் 2 வட்டிக்கு (மாதம் நூற்றுக்கு 2 ரூபாய்) 2,00,000. உரக்கடையில் பாக்கி 60,000.

ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நெல்லை விட்டுவிட்டுக் கோடைப் பருத்தி போடு என்கிறார் ஒருவர். டிராக்டரை விற்றுவிடு என்கிறார் இன்னொருவர். மைத்துனர், 3 மாவை விற்றுக் கடனை ஒரேயடியாக முடி என்கிறார். இதையெல்லாம் கடந்து வந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். எதில் தொடங்குவது?

கோட்டூர்க்காரன்

அண்ணே, வணக்கம். எதில் கைவைப்பதற்கு முன்னும் ஏக்கர் கணக்கு ஒன்று போடுங்கள். சொந்த நிலத்துக்குத் தனி, குத்தகைக்குத் தனி. நம்மில் பலர் மொத்தமாக "இந்தப் போகம் இவ்வளவு வந்தது, இவ்வளவு போனது" என்றுதான் வைத்திருக்கிறோம். எந்த வயல் சோறு போடுகிறது, எந்த வயல் தின்கிறது என்று அதில் தெரியாது.

சொந்த டிராக்டரில் உழுததற்கு டீசலை மட்டும் எழுதாதீர்கள். வெளியாளுக்கு உழுதால் என்ன வாங்குவீர்களோ அதை எழுதுங்கள். அப்போதுதான் வயலின் கணக்கும் வண்டியின் கணக்கும் தனித்தனியாக நிற்கும்.

மன்னை உழவன்

கோட்டூர்த் தம்பி சொன்னபடி நோட்டை எடுத்து எழுதினேன். இந்தச் சம்பா, சன்ன ரகம், ஏக்கருக்கு:

உழவும் சேற்றுழவும் 5,000
விதை, நாற்றங்கால் 2,500
நடவு 6,000
உரம் 5,500
களை 3,500
பூச்சி மருந்து 2,500
வரப்பு, தண்ணீர் கட்ட 1,500
பெல்ட் மிஷின் அறுவடை 4,500
ஏற்று இறக்கு, காயவைக்க 2,000

மொத்தம் 33,000. மாவுக்கு 11 மூட்டை (60 கிலோ) கண்டது. ஏக்கருக்கு 33 மூட்டை, 1,980 கிலோ. கொள்முதல் நிலையத்தில் சன்னத்துக்கு 2025-26 விலை ஊக்கத்தொகையோடு குவிண்டால் 2,545. ஆக ஏக்கருக்கு 50,400 ஒட்டி. மிச்சம் 17,400. குத்தகை மாவுக்கு 2 மூட்டை, அது ஏக்கருக்கு 9,000 ரூபாய் வந்துவிடுகிறது. குத்தகை ஏக்கரில் நிற்பது 8,400.

குறுவையில் நனைந்தது போக ஏக்கருக்கு 10,000 நின்றது.

என் உழைப்புக்கும் வீட்டம்மா உழைப்புக்கும் இதில் கூலி போடவில்லை.

கிளை மேலாளர் (ஓய்வு)

தம்பி, விவசாயக் கடன் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். உங்கள் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

சம்பாவில் சொந்த நிலம் 4 ஏக்கரில் 69,600. குத்தகை 5 ஏக்கரில் 42,000. கூட்டினால் 1,11,600. இப்போது வட்டியைப் பாருங்கள். நகைக்கடனுக்கு வருடம் 27,000. 2 வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதம், அது 48,000. டிராக்டருக்கு 12 சதம் என்று வைத்தாலும் 50,000. மொத்தம் 1,25,000.

ஒன்பது ஏக்கர் சம்பா லாபம் முழுவதையும் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வட்டிக்கே காணாது. இந்த நிலையில் பயிரை மாற்றுவது, ரகத்தை மாற்றுவது எல்லாம் இரண்டாவது வேலை. முதல் வேலை 24 சதத்தை ஒழிப்பது. எந்தப் பயிரும் வருடம் தவறாமல் 24 சதம் கொடுக்காது.

வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. நகையை எந்த வருடம் வைத்தீர்கள், எத்தனை பவுன்?

மன்னை உழவன்

2023-ல் வைத்தது ஐயா. 10 பவுன். வருடா வருடம் வட்டி கட்டித் திருப்பி வைக்கிறேன். கடன் தொகை அதே 3 லட்சம்தான்.

கிளை மேலாளர் (ஓய்வு)

அப்படியானால் கேளுங்கள். 2023-ல் பவுன் 45,000 ஒட்டி இருந்தது. 2025 முடிவதற்குள் ஒரு லட்சத்தை எட்டிவிட்டது. அதே 10 பவுனுக்கு இன்று இரண்டு மடங்குக்கு மேலேயே கடன் கிடைக்க வாய்ப்பு உண்டு. இன்னும் 2,00,000 மட்டும் கூடுதலாக எடுத்து, 2 வட்டிக் கடனை அன்றைக்கே முடியுங்கள். 48,000 போய்க்கொண்டிருந்த இடத்தில் 18,000 போகும். வருடம் 30,000 மிச்சம். குத்தகை நிலத்தில் மூன்றரை ஏக்கர் சம்பா செய்தால் நிற்கிற பணம் அது.

இரண்டு எச்சரிக்கை. கிடைக்கிறதே என்று 3 லட்சம், 4 லட்சம் எடுக்காதீர்கள். அப்புறம், வருடக் கெடுவில் வட்டியை ரொக்கமாகக் கட்டினால்தான் திருப்பி வைக்க முடியும். 5 லட்சத்துக்கு 45,000 வட்டி. சம்பா நெல் பணம் வரும் மாதத்தில் கெடு விழும்படி தேதி பார்த்து வையுங்கள்.

நீடாமங்கலம் மகள்

ஐயா சொல்கிற கணக்கில் குறை இல்லை. ஆனால் அந்த 10 பவுன் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லையே? அண்ணியுடையதாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். வைத்த நகை வைத்தபடி, ஒவ்வொரு போகத்துக்கும் கொஞ்சம் கூட்டி எடுத்துக்கொண்டே போய், கடைசியில் மீட்கிற தொகையாகவே இல்லாமல் போனது.

அண்ணே, அண்ணியிடம் இந்த நோட்டைக் காட்டிப் பேசுங்கள். கூட்டி வாங்குகிற பணம் வங்கியிலிருந்து நேராக 2 வட்டிக்காரருக்குத்தான் போக வேண்டும். நடுவில் வீட்டுக்கு வந்தால் ஒரு விசேஷம், ஒரு மோட்டார் ரிப்பேர் என்று கரைந்துவிடும். பணம் கொடுக்கும்போதே புரோநோட்டையும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலை இருந்தால் அதையும் திருப்பி வாங்கிவிடுங்கள். "அப்புறம் தருகிறேன்" என்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள். எங்கள் தெருவில் கடன் முடிந்த பிறகும் நோட்டு வெளியே நின்று வழக்கானது.

அண்ணி மகளிர் குழுவில் இருந்தால் குழுக் கடனையும் விசாரியுங்கள். அதன் வட்டி 2 வட்டியில் பாதிகூட இராது. ஆனால் அது அண்ணி பெயரில் விழுகிற கடன். வாராவாரம், மாதாமாதம் கட்டுகிற பொறுப்பு அவர் தலையில் ஏறும். நெல் பணம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிற வீட்டில் மாதத் தவணைக்கு மாதாமாதம் வருகிற வருமானம் ஒன்று இருக்க வேண்டும். கறவை மாடு ஓடுகிறது என்றால் சரி, இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள்.

வெண்ணாற்றங்கரை

எல்லாம் சரி, இது 2026, தேர்தல் வருடம். கூட்டுறவுக் கடன் தள்ளுபடி வரும் என்று ஊர் முழுக்கப் பேச்சு. 2021-ல் வந்ததே. கட்டினவன் ஏமாந்தான், கட்டாதவன் பிழைத்தான். 1,40,000-ஐ இப்போது கட்டாமல் நிறுத்தி வையுங்கள் என்பது என் கருத்து.

கிளை மேலாளர் (ஓய்வு)

2021-ல் நேரத்துக்குக் கட்டியவர்களுக்கு ஏற்பட்ட வருத்தம் நியாயமானது, அதை மறுக்க மாட்டேன். அப்போது 16.43 லட்சம் பேருக்கு 12,110 கோடி தள்ளுபடியானது. ஆனால் அது கூட்டுறவில் 2021 ஜனவரி 31 அன்று நிலுவையில் இருந்த பயிர்க்கடனுக்கு மட்டும். டிராக்டர் கடனுக்கோ கந்துவட்டிக்கோ யாரும் தள்ளுபடி தரவில்லை.

தம்பி விஷயத்தில் பாருங்கள். கெடுவுக்குள் கட்டினால் இந்த 1,40,000-க்கு வட்டியே கிடையாது. அவர் வைத்திருக்கிற கடன்களில் சும்மா கிடைக்கிற பணம் இது ஒன்றுதான். கெடு தாண்டினால் வட்டி விழும், அதோடு ஜூனில் குறுவைக்குப் புதுக்கடன் கிடைக்காது. அந்த 1,40,000-க்கு அவர் மறுபடியும் 2 வட்டிக்குப் போனால் வருடத்துக்கு 33,600. வருமா வராதா என்று தெரியாத ஒன்றுக்காக நிச்சயமாக இழக்கிற பணம் இது.

கட்டிவிட்டு மறுபடி எடுக்கும்போது வரம்பைக் கூட்டிக் கேளுங்கள். 2025 ஜனவரியிலிருந்து பிணையில்லாத விவசாயக் கடன் 2 லட்சம் வரை என்று ரிசர்வ் வங்கி உயர்த்தியிருக்கிறது. குறுவை, சம்பா இரண்டுக்கும் சேர்த்து, குத்தகை நிலத்துக்கும் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கிக் கொடுத்தால் 60,000 கூட வாங்க இடம் இருக்கிறது. அதில் ஒரு பகுதி உரமாகவே வரும். உரக்கடைப் பாக்கியை ஒழிக்க அதுதான் வழி.

பயிர் மருத்துவம்

உரக்கடைப் பாக்கி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கடனுக்கு வாங்குகிற இடத்தில் நாம் கேட்டதை மட்டும் வாங்கிக்கொண்டு வர முடிவதில்லை. யூரியா கேட்டால் கூடவே ஒரு டப்பா, ஒரு பாக்கெட். ரொக்கமாகப் போகிறவனுக்குத்தான் "இது மட்டும் போதும்" என்று சொல்ல வாய் வரும். ஏக்கருக்கு உரம் 5,500, மருந்து 2,500 என்று அண்ணன் எழுதியதில் எனக்கு உறுத்துவது இந்த இரண்டும்தான்.

மத்திய, நீண்ட கால ரகத்துக்கு வேளாண் பல்கலைக்கழகப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழைச்சத்து 150, மணிச்சத்து 50, சாம்பல்சத்து 50 கிலோ. ஏக்கருக்குக் கொண்டுவந்தால் டி.ஏ.பி. ஒரு மூட்டைக்குள், யூரியா இரண்டரை மூட்டை, பொட்டாஷ் 34 கிலோ. டி.ஏ.பி. மூட்டை 1,350, யூரியா 45 கிலோ மூட்டை 266.50. இந்த இரண்டும் சேர்ந்து 2,000 சொச்சம்தான். பொட்டாஷையும் ஜிங்க் சல்பேட்டையும் சேர்த்தாலும் 4,000-ஐச் சுற்றித்தான் நிற்க வேண்டும். ஏக்கருக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் எங்கேயோ கூடப் போகிறது.

மண் பரிசோதனை செய்தால் இதையும் குறைக்க இடம் இருக்கலாம். யூரியாவுக்கு, பயிரின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கிற இலை வண்ண அட்டை பிடித்துப் பாருங்கள். பயிர் கரும்பச்சையாக நிற்கும்போது போடுகிற யூரியா இலைச்சுருட்டுப் புழுவையும் புகையானையும் அழைத்து வருகிறது. பிறகு அதற்கு மருந்துச் செலவு. உரத்தில் குறைத்தால் மருந்திலும் குறையும் என்று நான் சொல்வது அதனால்தான்.

விதை, நாற்றங்கால், நடவு மூன்றும் 8,500 என்கிறீர்கள். போர்த் தண்ணீர் உள்ள சொந்த நிலத்தில் ஒற்றை நாற்று நடவு செய்து பாருங்கள். ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும். ஆள் கிடைக்கவில்லை என்றால் பாய் நாற்றங்கால் போட்டு மிஷின் நடவு. மொத்த நிலத்திலும் வேண்டாம், 3 மாவில் செய்யுங்கள்.

தலைஞாயிறு கடைமடை

நாங்கள் ஆற்றின் கடைசியில் இருப்பவர்கள், புழுதி விதைப்புதான் எங்களுக்கு. நடவுச் செலவே கிடையாது. ஆனால் களை தின்றுவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன். விதைத்த சில நாளுக்குள் களைக்கொல்லி அடிக்கத் தவறினால் நடவில் மிச்சமானது அத்தனையும் களையாளுக்குப் போகும்.

நான் பேச வந்தது குத்தகை பற்றி. உங்கள் கணக்கையே வைத்துக்கொண்டு பாருங்கள் அண்ணே. குத்தகை நிலத்தில் 33,000 செலவு, 9,000 குத்தகை, மொத்தம் 42,000. இன்றைய விலைக்கு அந்தப் பணம் வர 1,650 கிலோ காண வேண்டும். மாவுக்கு 9 மூட்டைக்குச் சற்று மேலே. சொந்த நிலத்தில் மாவுக்கு 7 மூட்டைக்குச் சற்று மேலே கண்டாலே செலவு வந்துவிடுகிறது. நடுவில் இருக்கிற அந்த 2 மூட்டைதான் மழை வருடத்தில் உங்களை 2 வட்டிக்காரரிடம் தள்ளுகிறது.

15 மாவும் ஒரே மாதிரி நிலமா? பள்ளக்கால் எது, மேடு எது?

மன்னை உழவன்

9 மா நல்ல நிலம், வாய்க்கால் தலைப்பில் இருக்கிறது. 6 மா பள்ளம். ஐப்பசி கார்த்திகையில் இரண்டு நாள் மழை பெய்தாலே வடிய ஒரு வாரம் ஆகும். அங்கே இந்த வருடம் மாவுக்கு 8 மூட்டைதான். 11 என்று எழுதியது மொத்தத்தின் சராசரி.

தலைஞாயிறு கடைமடை

அப்படியானால் அந்த 6 மாவை விட்டுவிடுங்கள். விளைந்த வருடத்திலேயே 8 என்றால் நட்டம் அங்கேதான் நடக்கிறது. நிலக்காரரிடம் ஒரு தடவை பேசிப் பாருங்கள்: கட்டுக்குத்தகை (விளைந்தாலும் விளையாவிட்டாலும் ஒரே அளவு) வேண்டாம், வாரத்துக்கு விடுங்கள், விளைந்ததில் பங்கு தருகிறேன் என்று. மழை அடித்தால் அவருக்கும் குறையும். சம்மதித்தால் சி.ஆர். 1009 சப்-1 போல வெள்ளம் தாங்குகிற ரகமாகப் போடுங்கள். சம்மதிக்காவிட்டால் விடுங்கள். "தாத்தா காலத்திலிருந்து செய்கிற நிலம்" என்ற எண்ணம் எனக்கும் இருந்தது, அதன் வலி தெரிந்துதான் சொல்கிறேன்.

இன்னொன்று, கேட்கக் கசப்பாக இருக்கும். உங்கள் மைத்துனர் சொல்வதை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். உங்கள் பக்கம் நஞ்சை ஏக்கர் என்ன விலை? 10 லட்சம் என்றே வையுங்கள். ஒரு ஏக்கர் விற்றால் 2 வட்டி, உரக்கடை, டிராக்டர், நகை நான்கும் 9,80,000, முடிந்துவிடும். வருடத்துக்கு 1,25,000 வட்டி நிற்கும். அந்த ஏக்கர் தருவது குறுவையும் சம்பாவும் சேர்த்து 27,400. இதில் எது பெரிது?

நீடாமங்கலம் மகள்

கணக்கில் நீங்கள் சொல்வது சரி அண்ணே. ஆனால் விற்ற நிலம் திரும்பாது. நகையை மீட்கலாம், டிராக்டரைக்கூட மறுபடி வாங்கலாம். கடனில் இருப்பவன் விற்கிறான் என்று தெரிந்தால் 10 லட்சம் நிலத்தை 7-க்குக் கேட்பார்கள்.

தலைஞாயிறு கடைமடை

அதனால்தான் அவசரம் வருவதற்கு முன்னால் விற்கச் சொல்கிறேன் அக்கா. எங்கள் பெரியப்பா கடைசி வரை ஒரு குழியும் விற்க மாட்டேன் என்று நின்றார். வட்டி ஏறி, கடைசியில் ஒன்றரை ஏக்கர் போனது, அதுவும் கடன்காரர் சொன்ன விலைக்கு.

கிளை மேலாளர் (ஓய்வு)

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நான் இப்படிச் சொல்வேன்: 24 சதக் கடன் இருக்கும்வரை நிலம் விற்பது தப்பில்லை. அதை நகையில் மாற்ற முடிகிறது என்பதால் இந்த வருடம் அதற்குத் தேவை இல்லை. ஆனால் இரண்டு சம்பா கழித்து மொத்தக் கடன் இன்றைய 11,20,000-லிருந்து கீழே இறங்கவில்லை என்றால், அப்போது 3 மாவை விற்றுவிடுங்கள். அந்த எல்லையை இன்றைக்கே வீட்டில் எல்லோரும் பேசி, நோட்டில் எழுதி வையுங்கள்.

டிராக்டர் பட்டறை

டிராக்டரைப் பற்றி நான் பேசலாம். வண்டிக்கு வெளி உழவு எவ்வளவு ஓடியது, டிரைவர் யார் என்று சொன்னால் கணக்குப் போட்டுவிடலாம்.

மன்னை உழவன்

ஓடுமணி மீட்டர்படி வெளி வேலை 150 மணி நேரம். ரோட்டவேட்டர் மணிக்கு 1,300. டிரைவர் போட்டுத்தான் ஓட்டினேன். டயர், ரிப்பேர் எல்லாம் 35,000 ஆனது.

டிராக்டர் பட்டறை

சரி. வெளியில் 1,95,000 வந்தது. டீசல் மணிக்கு 500 ரூபாய்க்கு மேல், மொத்தம் 76,500 வையுங்கள். டிரைவர் 22,500. ரிப்பேர் 35,000. நிற்பது 61,000. சொந்த வயல் உழவை வாடகை விலையில் எழுதியிருக்கிறீர்கள். சம்பா 45,000, குறுவை 20,000. அதில் டீசல் போக 40,000 உங்களுக்கு மிச்சமானது. ஆக வண்டி வருடத்துக்கு 1,01,000 தருகிறது. தவணை 1,24,000. துண்டு விழுவது 23,000.

இந்தத் துண்டுக்காக வண்டியை விற்க வேண்டாம் என்பது என் கருத்து. தவணையில் பாதிக்கு மேல் அசல் கழிகிறது. நீங்களே ஓட்டினால் டிரைவர் செலவு 22,500 நிற்கும், துண்டு கிட்டத்தட்ட அடைந்துவிடும். தவணைத் தேதியை மாற்றிக் கேளுங்கள். அக்டோபர் கடைசி, பிப்ரவரி கடைசி என்று நெல் பணம் கைக்கு வருகிற மாதத்தில் விழுந்தால் தவணை கட்ட வெளிக்கடன் வாங்கும் வேலை இராது. கேட்டால் மாற்றித் தருகிறார்கள், நம் ஆட்கள் கேட்பதில்லை.

வெளி வேலை 100 மணிக்குக் கீழே இறங்கினால் அப்போது விற்றுவிடுங்கள். ஊருக்கு ஊர் வண்டி கூடிவிட்டது, வாடகை ஏறுவதற்கு வழி இல்லை. 6 மா குத்தகையை விட்டால் சொந்த உழவும் குறையும், அதையும் கணக்கில் வையுங்கள்.

கோட்டூர்க்காரன்

பருத்தி பற்றி யாரும் பேசவில்லை. நான் போட்டவன். 2022-ல் குவிண்டால் 10,000-ஐத் தாண்டிப் போனது, அடுத்த வருடமே 7,000-க்குக் கீழே வந்துவிட்டது. வைகாசி மழையில் வெடித்த காய் நனைந்தால் விலையே இல்லை. பஞ்செடுக்க ஆள் கூலி வேறு. கையில் காசு உள்ளவன் 3 மாவில் போட்டுப் பார்க்கலாம். கடனில் இருப்பவன் கடன் வாங்கிப் போடுகிற பயிர் அது இல்லை.

உளுந்துதான் என் வாக்கு. சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், மெழுகுப் பதத்தில் ஈரம் இருக்கும்போது ஏக்கருக்கு 12 கிலோ தெளிக்க வேண்டும். பெல்ட் மிஷின் ஓடுகிற தடத்தில் முளை நசுங்கும் என்பதால் நான் 2 கிலோ கூட்டித் தெளிக்கிறேன். பூக்கும்போது 2 சத டி.ஏ.பி. கரைசல் ஒரு தடவை, இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. 200 கிலோ கண்டால், 2025-26 ஆதார விலை குவிண்டால் 7,800, வெளியில் 7,000-க்குப் போனாலும் 14,000. செலவு 5,000-க்குள். குத்தகை சம்பாவில் ஐந்து மாதம் பாடுபட்டு நிற்கிற பணம் இதில் இரண்டரை மாதத்தில் நிற்கிறது, தண்ணீரும் பாய்ச்ச வேண்டாம்.

இதற்குத் தடை மாடுதான். அறுவடை முடிந்ததும் ஊர் மாடு, ஆடு எல்லாம் அவிழ்த்துவிடுவார்கள். நீங்கள் ஒருவர் மட்டும் தெளித்தால் ஒரு செடி மிஞ்சாது. பக்கத்து வயல்காரர்கள் சேர்ந்து தொடர்ச்சியாக ஒரே தாக்காக 10 ஏக்கராவது தெளிக்க வேண்டும். ஊர்க்கூட்டத்தில் பேசி மேய்ச்சலுக்குத் தேதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் அப்படித்தான் உளுந்து திரும்பி வந்தது.

மன்னை உழவன்

இந்த வருடம் உளுந்துக்குக் காலம் போய்விட்டது. தை மாதமே அறுத்துவிட்டேன். அடுத்த சம்பாவுக்குப் பக்கத்து வயல்காரர்களிடம் இப்போதே பேசுகிறேன்.

பயிர்க் காப்பீடு பற்றி ஒரு கேள்வி. பள்ளக்காலில் 8 மூட்டைதான் வந்தது என்றேன். காப்பீடு கட்டியும் எனக்கு எதுவும் வரவில்லை. இனியும் கட்ட வேண்டுமா?

பயிர் மருத்துவம்

கட்டுங்கள். சம்பாவுக்கு நம் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதம்தான். ஏக்கருக்கு ஐந்நூறு அறுநூறு ரூபாய். விளைச்சல் குறைவுக்கு உங்கள் வயலை மட்டும் பார்த்து இழப்பீடு தருவதில்லை. ஊரில் தேர்ந்தெடுத்த வயல்களில் அறுவடைப் பரிசோதனை செய்து, ஊர்ச் சராசரி குறைந்தால்தான் எல்லோருக்கும் வரும். உங்கள் 6 மா பள்ளம், ஊரில் மற்றது மேடு என்றால் உங்களுக்கு வராது. பள்ளக்கால் குத்தகையை விடுங்கள் என்று கடைமடை அண்ணன் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

தனி வயலுக்கும் ஒரு வழி உண்டு. அறுத்துக் காயப்போட்ட கதிர் 14 நாளுக்குள் மழையில் போனால், 72 மணி நேரத்துக்குள் தெரிவித்துவிட வேண்டும். போட்டோ எடுத்து வையுங்கள். நவம்பர் கெடு வரை காத்திருக்காமல் அடங்கல் (கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்று) கிடைத்ததுமே பதிந்துவிடுங்கள். கடைசி நாளில் இணையம் படுத்துவிடும்.

மன்னை உழவன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு வீட்டில் உட்கார்ந்து பேசினோம். நகையைக் கூட்டி வைக்க வீட்டம்மா சம்மதித்தார், ஆனால் நிபந்தனையோடு: இனி நகைக்கடன் 5 லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் ஏறக்கூடாது, சம்பா பணத்தில் முதலில் நகைக்கடன் வட்டி, மிச்சத்தில் 50,000 அசல். அதை நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். புரோநோட்டு கைக்கு வந்த பிறகுதான் பணம் கொடுப்பது என்றும் முடிவு.

பள்ளக்கால் 6 மாவை வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) கேட்டுப் பார்க்கப் போகிறேன். ஒப்புக்கொள்ளாவிட்டால் சித்திரையில் ஒப்படைத்துவிடுவேன். டிராக்டர் நிற்கட்டும், டிரைவரை நிறுத்திவிட்டு நானே ஓட்டுகிறேன். பருத்தி இல்லை. நிலம் விற்பதற்கு ஐயா சொன்ன எல்லையை எழுதியிருக்கிறோம். மைத்துனரிடமும் காட்டினேன், அவரும் சரி என்றார்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். கூட்டுறவுக் கடன் கெடு இந்த மாதக் கடைசி. நெல் போட்ட பணம் இன்னும் கணக்கில் ஏறவில்லை. சங்கத்தில் கட்டுவதற்கு ஊரில் பத்து நாளைக்கு 5 வட்டிக்குப் புரட்டித் தருகிறார்கள். அதை வாங்கலாமா?

கிளை மேலாளர் (ஓய்வு)

வாங்க வேண்டாம். 1,40,000-க்கு 5 வட்டி என்றால் பத்து நாளுக்கு 2,300 ரூபாய் சொச்சம், அது பெரிதில்லை. நெல் பணம் தாமதமானால் அது மாதக்கணக்கில் நிற்கும், மாதத்துக்கு 7,000. நகையை அடுத்த வாரம் எப்படியும் கூட்டி வைக்கப் போகிறீர்கள். அதில் இந்த 1,40,000-ஐயும் சேர்த்து எடுத்துச் சங்கத்தில் கட்டுங்கள். சங்கம் புதுக்கடன் கொடுத்ததும், அல்லது நெல் பணம் ஏறியதும், அதே தொகையை நகைக் கணக்கில் திருப்பிக் கட்டிவிடுங்கள். ஒரு மாதம் ஆனாலும் 1,050 ரூபாய் வட்டிதான். வீட்டம்மாவிடம் எழுதிக் கொடுத்த 5 லட்சம் வரம்பு இதில் தற்காலிகமாகத் தாண்டும். அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லி, திருப்பிக் கட்டுகிற தேதியையும் அந்த நோட்டிலேயே எழுதிவிடுங்கள்.

கட்டப் போகும்போது சிட்டா, அடங்கல், குத்தகைச் சான்று மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். கட்டின அன்றைக்கே புதுக்கடன் விண்ணப்பத்தையும் கொடுத்துவிட்டு, ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.

மன்னை உழவன்

சரிங்க ஐயா. திங்கட்கிழமை வங்கிக்கு இருவரும் சேர்ந்தே போகிறோம்.